மிக நீண்ட இரவுக்குப் பிறகுதான் குளிர்

டிசம்பர் 21 அல்லது 22, வடகோளத்தில் ஆண்டின் மிக நீண்ட இரவு. கதிர்த்திருப்பம் என்பார்கள். இதைப் பள்ளிக்கூடத்திலேயே சொல்லிக்கொடுத்துவிடுகிறார்கள். சொல்லிக்கொடுக்காத ஒன்று உண்டு. சூரியன் மிகச் சீக்கிரம் மறையும் நாள் அது கிடையாது. லண்டனை எடுத்துக்கொண்டால், அங்கே மாலை மிகச் சீக்கிரம் இருட்டுவது டிசம்பர் 12 வாக்கில். காலை மிகத் தாமதமாக விடிவதோ புத்தாண்டை ஒட்டி. நிலநடுக்கோட்டுப் பக்கம் வர வர இந்த இடைவெளி இன்னும் அகலமாகிறது. வெப்பமண்டலத்தில் பல இடங்களில் நவம்பர் பின்பாதியிலேயே மாலைகள் நீளத் தொடங்கிவிடும். காலைகள் மட்டும் ஜனவரி பின்பாதி வரை பின்னுக்குப் போய்க்கொண்டே இருக்கும்.

காரணம் பூமியின் ஓட்டத்தில் இருக்கிறது. ஜனவரி முதல் வாரத்தில்தான் நாம் சூரியனுக்கு மிக அருகில் இருக்கிறோம், சுமார் 14.7 கோடி கிலோமீட்டர். ஜூலையில் அது 15.2 கோடி. அருகில் போகும்போது பூமி வேகமெடுக்கிறது. அந்த வேகமும் அச்சின் 23.4 பாகைச் சாய்வும் சேர்ந்து, டிசம்பர் கடைசியில் சூரியன் உச்சிக்கு வரும் நேரத்தை நாளுக்கு ஏறக்குறைய அரை நிமிடம் தள்ளிவிடுகின்றன. அதோடு சேர்ந்து விடியலும் மறைவும் நகர்ந்துபோகின்றன.

குளிரின் கதை தனி. வடக்கே பெரும்பாலான இடங்களில் கடும் குளிர் ஜனவரியிலோ பிப்ரவரியிலோதான் வருகிறது. பகல் நீளத் தொடங்கிய பிறகும் பல வாரங்களுக்கு நிலமும் கடலும் பெறும் வெப்பத்தைவிட இழக்கும் வெப்பம் அதிகம். ஆக, 'இருளின் உச்சம் இதுதான்' என்று ஒரே ஒரு நாளைக் காட்டவே முடியாது. மாலை ஒரு நாளில் திரும்புகிறது, இரவின் நீளம் வேறொரு நாளில், காலை இன்னொரு நாளில். குளிர் எல்லாவற்றுக்கும் கடைசியில், தன் இஷ்டத்துக்கு.

இவற்றையெல்லாம் நான் தேடிப் படித்தது 2020 கடைசியில். வானியல் ஆர்வமெல்லாம் ஒன்றுமில்லை. ராத்திரி தூக்கம் வரவில்லை, அவ்வளவுதான்.

அந்த ஆண்டு ஆகஸ்ட்டில் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தது. வலக்கையும் வலக்காலும் போயின. பேச்சும் போனது. பெரும்பாலானோருக்கு மொழியை ஆளும் பகுதிகள் மூளையின் இடப்பக்கத்தில் இருக்கின்றன, அடைப்பு அங்கேதான். அஃபேசியா என்ற சொல்லை அன்றுதான் முதல்முறை கேட்டேன். நாம் சொல்வது அவருக்குப் பெரும்பாலும் புரிந்தது. அவர் சொல்ல நினைப்பதுதான் வெளியே வரவில்லை. 'தண்ணீர்' என்று கேட்கத் தெரியாது. ஆனால் ஒன்றிலிருந்து பத்துவரை எண்ணச் சொன்னால் கடகடவென்று எண்ணிவிடுவார். இது எங்களுக்கு முதலில் பெரிய மர்மமாக இருந்தது. யோசித்துச் சொல்லும் சொற்கள் ஒரு வழியாகவும், வாய்க்குப் பழகிப்போன எண்கள், கிழமைகள், பாட்டு, திட்டு எல்லாம் வேறு வழியாகவும் வருகின்றன, பின்னவை பல சமயம் தப்பித்துக்கொள்கின்றன என்று பேச்சுப் பயிற்சி தந்தவர் விளக்கினார். திட்டு என்று அவர் சொன்னது சும்மா இல்லை. வாழ்நாளில் ஒரு கெட்ட வார்த்தை பேசிக் கேட்டிராத அப்பாவின் வாயிலிருந்து, செருப்பு காலில் நுழையாத ஒரு காலையில், சுத்தமான உச்சரிப்பில் ஒன்று வந்து விழுந்தது. அம்மா அதிர்ந்துபோனார். அக்காவும் நானும் அடுத்த அறைக்குப் போய்ச் சிரித்தோம். அந்த ஆண்டில் நாங்கள் சிரித்தது குறைவு, அதனால் இது நன்றாக நினைவிருக்கிறது.

தொற்றுக்காலம் வேறு. மருத்துவமனையில் பார்வையாளர்களை விடவில்லை. அப்பா உள்ளே, பேச முடியாமல். நாங்கள் வெளியே, பார்க்க முடியாமல். பேச்சே போய்விட்ட ஒருவரிடம் தொலைபேசியில் என்ன பேசுவது?

ஆறுதல் சொன்னவர்கள் நிறைய. எல்லோரும் நல்ல மனதோடுதான் சொன்னார்கள். "இருட்டுக்கு அப்புறம் வெளிச்சம் வந்துதானே ஆகணும்" என்றார்கள். "எல்லாம் ஒரு காரணத்துக்காகத்தான் நடக்குது" என்றார்கள். முதலாவதைக் கேட்டால் எரிச்சல் வரும், இரண்டாவதைக் கேட்டால் கோபம். விடியும் என்று சொல்கிறவர்கள் எத்தனை மணிக்கு என்று சொல்வதில்லையே. கதிர்த்திருப்பம் எனக்குப் பிடித்துப்போனதற்கு முதல் காரணம், அதற்கு ஒரு நேரம் இருந்தது. 2020இல் அது டிசம்பர் 21, உலக நேரப்படி காலை 10 மணி 2 நிமிடம். சூரியன் மகர ரேகைக்கு நேர் மேலே போய்த் திரும்பும் கணம். யாருடைய நம்பிக்கையும் அதற்குத் தேவையில்லை.

இரண்டாவது காரணம் வேறு விதமானது. திரும்பிய மறுநாள் எவ்வளவு பகல் கூடுகிறது என்று பார்த்தேன். லண்டனில் சில விநாடிகள். பத்து நாள் கழித்துக்கூட மொத்தமே ஐந்து நிமிடம்தான் கூடியிருக்கும். அதே இடத்தில் மார்ச்சில் ஒவ்வொரு நாளும் ஏறக்குறைய நான்கு நிமிடம் கூடுகிறது. அதாவது, திருப்பம் நடக்கும் இடத்தில்தான் மாற்றம் மிக மிக மெதுவாக இருக்கிறது. கணக்குப் படித்தவர்களுக்கு இது புதிதில்லை: எந்த வளைவிலும் மிகத் தாழ்ந்த புள்ளியில் ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. அங்கே நிற்பவருக்கு எதுவும் நகர்வதாகத் தெரியாது.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். சூரியன் திரும்புவதால் அப்பாவும் திரும்பிவிடுவார் என்று நான் நம்பவில்லை. வானத்தில் நடப்பது என் வீட்டிலும் நடக்க வேண்டும் என்று எந்த விதியும் கிடையாது. பூமியின் சாய்வுக்கு உத்தரவாதம் உண்டு, மனித உடம்புக்கு இல்லை. பக்கவாதத்துக்குப் பிறகு முதல் மூன்று மாதங்களில்தான் முன்னேற்றம் பொதுவாக வேகமாக இருக்கும், அப்புறம் வேகம் குறையும் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். டிசம்பரில் அந்த மூன்று மாதம் முடிந்திருந்தது. அதன் பிறகும் பல மாதங்கள், சிலருக்குப் பல ஆண்டுகள்கூட, பேச்சு கொஞ்சம் கொஞ்சமாகத் தேறும் என்றும் அவர் சொன்னார்தான். என் காதில் முதல் வாக்கியம் மட்டும் தங்கியது.

கதிர்த்திருப்பத்திலிருந்து நான் எடுத்துக்கொண்டது சின்ன விஷயம். எதுவும் தெரியவில்லை என்பதை, எதுவும் நடக்கவில்லை என்று எடுத்துக்கொள்ளத் தேவையில்லை. நம்பிக்கை என்றால் நெஞ்சுக்குள் ஏதோ கதகதப்பாக வர வேண்டும் என்று அதுவரை நினைத்திருந்தேன். அப்படி எதுவும் வராமலேயே காலையில் எழுந்து, அவர் விரல்களை ஒவ்வொன்றாக நீட்டி மடக்கி, 'இன்னொரு தடவை' என்று சொல்ல முடிந்தது. அதையும் நம்பிக்கைக் கணக்கில் சேர்த்துக்கொண்டேன்.

அந்த டிசம்பர் 21 மாலையில் இன்னொன்றும் நடந்தது, பலருக்கு நினைவிருக்கும். வியாழனும் சனியும் மேற்கு வானில் ஒட்டிக்கொண்டதுபோல் வந்து நின்றன. இருபது ஆண்டுக்கு ஒருமுறை அவை நெருங்குவது வழக்கம்தான், ஆனால் இந்த முறை இடைவெளி வெறும் 0.1 பாகை, முழு நிலவின் அகலத்தில் ஐந்தில் ஒரு பங்கு. 1623க்குப் பிறகு இவ்வளவு நெருங்கியது அன்றுதான். உண்மையில் இரண்டுக்கும் நடுவே 70 கோடி கிலோமீட்டருக்கு மேல் இருக்கிறது. நாம் நிற்கும் இடத்திலிருந்து பார்க்கத்தான் அவை அருகருகே. ஆண்டு முழுக்க ஒருவரை ஒருவர் தொடாமல் தள்ளி நின்ற உலகத்துக்கு அது வேண்டியிருந்தது போலும், அவ்வளவு பேர் அன்று மொட்டைமாடிகளில் நின்றார்கள்.

நாங்களும் அப்பாவை ஒரு நாற்காலியில் உட்காரவைத்து, பக்கத்து வீட்டுப் பையனும் நானும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து மாடிக்குத் தூக்கிப் போனோம். நான் பெரிதாக ஏதோ எதிர்பார்த்தேன் என்று நினைக்கிறேன். அவர் பார்ப்பார், கண் கலங்கும், ஒருவேளை ஒரு சொல் வரும் என்றெல்லாம். அப்பா பார்த்தார். தலையை ஆட்டினார். கொஞ்ச நேரத்தில் இடக்கையால் படிக்கட்டைக் காட்டினார், கீழே போகலாம் என்று. குளிர் தாங்கவில்லை அவருக்கு. நானூறு ஆண்டுக்குப் பிறகு வந்திருக்கும் காட்சி என்று சொல்லிப் பார்த்தேன். மறுபடியும் படிக்கட்டைக் காட்டினார். இறக்கிக் கொண்டுவந்துவிட்டோம்.

சரி, அதற்குப் பிறகு நல்ல காலம் வந்ததா என்றால், இல்லை. ஜனவரியில் விழுங்கும்போது புரையேறி நுரையீரலில் தொற்று. பக்கவாதம் வந்தவர்களுக்கு விழுங்கும் தசைகளும் பலவீனமாகிவிடுவதால் இது நேரக்கூடியதுதான் என்று பிறகு தெரிந்தது. திரும்பவும் மருத்துவமனை, திரும்பவும் வெளியே காத்திருப்பு. டிசம்பர் வரை வந்திருந்த ஒன்றிரண்டு சொற்களும் போயின. பிப்ரவரியில் என் வேலையும் போனது. அந்தக் குளிர்காலத்தில் மிகக் கடினமான வாரங்கள் எல்லாம் கதிர்த்திருப்பத்துக்குப் பின்னால்தான் வந்தன. பகல் தினமும் நீண்டுகொண்டுதான் இருந்தது.

எண்டூரன்ஸ் கப்பலின் கதை தெரிந்தவர்களுக்கு இந்த இடத்தில் அது நினைவுக்கு வரும். துருவப் பயணி எர்னஸ்ட் ஷேக்கிள்டனின் கப்பல் 1915 ஜனவரியில் அண்டார்க்டிகாவின் வெடல் கடலில் பனிக்கட்டிகளுக்குள் சிக்கிக்கொண்டது. தெற்கே நடுக்குளிர்காலம் ஜூனில். சூரியனே தலைகாட்டாத அந்த நாட்களில், ஜூன் 22 அன்று, கப்பலில் இருந்த 28 பேரும் கொடிகள் கட்டி, மேடை போட்டு, வேஷம் கட்டி, பாட்டும் கூத்துமாகக் கொண்டாடினார்கள். இருட்டின் பாதியைக் கடந்துவிட்டோம் என்ற மகிழ்ச்சி. சூரியன் சொன்னபடி திரும்பியது. கப்பல்தான் பிழைக்கவில்லை. பனி நெரித்து அக்டோபர் 27இல் அதைக் கைவிட்டார்கள். நவம்பர் 21இல் அது மூழ்கியது. மிதக்கும் பனியில் மாதக்கணக்கில் கூடாரம், அப்புறம் சிறு படகுகள், எலிஃபன்ட் தீவு என்று இழுத்து, 1916 ஆகஸ்ட் 30இல்தான் கடைசி ஆட்கள் மீட்கப்பட்டார்கள். 28 பேரும் உயிரோடு. அந்தக் கொண்டாட்டம் அவசரப்பட்ட ஒன்று என்று யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். பின்னால் வரப்போவது தெரிந்திருந்தால் மேடை போட்டிருக்க மாட்டார்கள். தெரியாமல் இருந்ததே நல்லது.

இதைவிடப் பழைய கொண்டாட்டம் ஒன்று கல்லில் இருக்கிறது. அயர்லாந்தில் பாய்ன் ஆற்றுப் பள்ளத்தாக்கில் உள்ள நியூகிரேஞ்ச், ஏறக்குறைய கி.மு. 3200இல் கட்டிய கல்லறை மேடு. கிசா பிரமிடுகளைவிடப் பழையது. வாசலுக்கு மேலே தனியாக ஒரு சிறு திறப்பு வைத்திருக்கிறார்கள். கதிர்த்திருப்பத்தை ஒட்டிய சில நாட்களில் மட்டும், காலைச் சூரியனின் கதிர் அதன் வழியாக நுழைந்து, 19 மீட்டர் நீளமுள்ள பாதையில் ஊர்ந்து, உள்ளறையின் தரையைத் தொடுகிறது. சுமார் 17 நிமிடம். பிறகு மறுபடி ஆண்டு முழுக்க இருட்டு. அகழாய்வு செய்த மைக்கேல் ஓ'கெல்லி, அந்தப் பக்கத்து மக்களிடையே புழங்கிய பேச்சைக் கேட்டு, 1967 டிசம்பர் 21 விடியற்காலையில் உள்ளே போய் நின்று பார்த்தார். நம் காலத்தில் அந்த வெளிச்சம் உள்ளே வருவதைப் பார்த்துப் பதிவுசெய்த முதல் ஆள் அவர்.

அந்த அறையில் கிடைத்தவை எரிந்ததும் எரியாததுமான மனித எலும்புகள். உயிரோடிருப்பவர்கள் உட்கார்ந்து குளிர்காயும் இடமில்லை அது. யாரையும் சூடாக்காத, எந்தப் பயிரையும் வளர்க்காத 17 நிமிட வெளிச்சத்துக்காக, இறந்தவர்கள் இருக்கும் இடத்துக்கு அதைக் கொண்டுபோவதற்காக, இரும்பே அறியாத மக்கள் இவ்வளவு கல்லைச் சுமந்திருக்கிறார்கள். இப்போது அந்தக் காலைகளில் உள்ளே நிற்கச் சீட்டுக் குலுக்கிச் சிலரைத் தேர்ந்தெடுக்கிறார்கள், ஆயிரக்கணக்கானோர் விண்ணப்பிக்கிறார்கள். அப்படி இடம் கிடைத்துப் போனவர்களும் பல முறை மேகத்தைத்தான் பார்த்துவிட்டுத் திரும்புகிறார்கள். அதைப் படித்தபோது எங்கள் மொட்டைமாடி எனக்கு அவ்வளவு மோசமாகத் தோன்றவில்லை.

நன்றியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அதுதான் கஷ்டமான பகுதி.

துன்பத்துக்கு நன்றி சொல்லும் பழக்கம் ஒன்று இப்போது பரவியிருக்கிறது. 'அந்த நோய் எனக்குக் கற்றுக்கொடுத்தது', 'அந்த இழப்பு இல்லையென்றால் நான் இன்று இப்படி இருந்திருக்க மாட்டேன்' என்கிற பேச்சு. சொல்பவர்கள் தங்கள் வாழ்க்கையைத்தான் சொல்கிறார்கள், மறுக்க நான் யார். என்னால் முடியாது. அப்பாவின் மூளையில் ஏற்பட்ட அடைப்பு எனக்கு எதையும் கற்றுக்கொடுப்பதற்காக வரவில்லை. கற்றுக்கொண்டது ஏதாவது இருந்தால், அதற்கு அவர் கொடுத்த விலை ரொம்ப அதிகம்.

ராபர்ட் எம்மன்ஸ், மைக்கேல் மெக்கலோ என்ற உளவியலாளர்கள் 2003இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இந்தத் துறையில் பிரபலம். ஒரு குழுவினரை வாரம்தோறும் தாங்கள் நன்றியோடு நினைப்பவற்றை எழுதச் சொன்னார்கள், இன்னொரு குழுவினரைத் தொல்லைகளை, மூன்றாவது குழுவினரைச் சும்மா நடந்தவற்றை. நன்றியை எழுதியவர்கள் தங்கள் வாழ்க்கையைப் பற்றிக் கூடுதல் நிறைவோடு இருந்தார்கள். இதைப் படித்துவிட்டு நானும் ஒரு நோட்டு வாங்கி எழுதினேன். 'இன்று வெயில் நன்றாக இருந்தது' என்று எழுதுவேன். எழுதிய கையோடு, அதனால் என்ன என்று தோன்றும். வெயிலுக்கு நன்றி சொன்னால் அது எங்கே போய்ச் சேருகிறது? எனக்கு நன்றி பெற்றுக்கொள்ள ஒரு ஆள் வேண்டியிருந்தது.

ஆட்கள் இருந்தார்கள். இரவுப் பணியில் இருந்த செவிலியர் ஒருவர், பார்வையாளர்களை விடாத அந்த நாட்களில், தன் சொந்தப் போனை அப்பாவின் காதருகே வைத்துப் பிடித்துக்கொண்டு நின்றார். அம்மா ஒன்றிலிருந்து எண்ணத் தொடங்குவார், அப்பா தொடர்வார், பத்து வந்ததும் அம்மா திரும்ப ஒன்றிலிருந்து தொடங்குவார். அதுதான் அவர்களுடைய உரையாடல். எத்தனை நோயாளிகளுக்கு நடுவே அவர் அந்த நேரத்தை எடுத்தார் என்று இப்போது நினைத்தாலும் எனக்குக் கூச்சமாக இருக்கிறது. நாற்காலியைத் தூக்கிய பையன், வேலை போவதற்கு முன்பிருந்த மாதங்களில் என்னிடம் சொல்லாமலேயே என் வேலையில் பாதியைச் செய்து வைத்த சக ஊழியர், வாரம் தவறாமல் கூப்பிட்டு ஆறுதல் எதுவும் சொல்லாமல் தன் வீட்டுக் கதையையே பேசிய சிநேகிதி. இவர்கள் யாரும் இருள் நல்லது என்று சொல்லவில்லை. விடியும் என்றும் சொல்லவில்லை.

நார்வேயில் ரியூகான் என்ற ஊர் ஆழமான பள்ளத்தாக்கில் இருக்கிறது. செப்டம்பர் கடைசியிலிருந்து மார்ச் வரை மலை மறைத்துவிடுவதால் ஊருக்குள் நேர்வெயிலே கிடையாது. 1928இல் அங்கிருந்த தொழில் நிறுவனம், மக்கள் மேலே போய் வெயிலைப் பார்த்துவிட்டு வரட்டும் என்று கம்பிவட ஊர்தி ஒன்றை அமைத்துக்கொடுத்தது. ஊருக்குள்ளேயே வெயிலைக் கண்ணாடி வைத்துத் திருப்பலாம் என்ற யோசனை அதற்கும் முன்பே, 1913இல், வந்துவிட்டது. நூறு ஆண்டு அது யோசனையாகவே கிடந்தது. மார்ட்டின் ஆண்டர்சன் என்ற கலைஞர் அதை மறுபடி கையில் எடுக்க, 2013இல் மலைமேல் மூன்று பெரிய கண்ணாடிகளை நிறுவினார்கள். மொத்தம் 51 சதுர மீட்டர். கணினி அவற்றைச் சூரியனோடு சேர்த்துத் திருப்பிக்கொண்டே இருக்கும். ஊர்ச் சதுக்கத்தில் சுமார் 600 சதுர மீட்டரில் வெயில் விழும். ஊர் முழுக்க இல்லை, சதுக்கத்தில் மட்டும். வேண்டுபவர்கள் வந்து நின்றுவிட்டுப் போகலாம்.

நன்றி என்று நான் எதைச் சொல்கிறேன் என்று விளக்க இந்தக் கண்ணாடிகளைத் தவிர வேறு எதுவும் எனக்குக் கிடைக்கவில்லை. மலையை நகர்த்த அவர்களாலும் முடியவில்லை, முடியும் என்று யாரிடமும் சொல்லவும் இல்லை.

ஆகவே நோட்டை விட்டுவிட்டேன். ஆண்டுக்கு ஒருமுறை, கதிர்த்திருப்ப வாரத்தில், அந்தக் காலத்து ஆட்களில் ஒருவருக்குக் கடிதம் எழுதுகிறேன். பழக்கம் என்று பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. ஒரு வருடம் மறந்தும் போனேன். ஏன் அந்த வாரம் என்றால், அது நன்றிக்கும் துக்கத்துக்கும் சேர்த்து இடம் கொடுக்கும் வாரம் என்று எனக்குத் தோன்றுகிறது. அமெரிக்காவில் 1990 முதல், வீடில்லாமல் இறந்தவர்களை டிசம்பர் 21 அன்று நினைவுகூர்கிறார்கள். மிக நீண்ட இரவு என்பதால்தான் அந்தத் தேதி. பல நகரங்களில் மக்கள் கூடி, அந்த ஆண்டு இறந்தவர்களின் பெயர்களை ஒவ்வொன்றாகப் படிக்கிறார்கள். பேச்சு, பாட்டு எதுவும் இல்லாவிட்டாலும் பெயர் படிப்பது போதும். நானும் கடிதத்தில் பெரிதாக எதுவும் எழுதுவதில்லை. பெயர், நீங்கள் செய்தது இது, அது இவ்வளவு உதவியது, நன்றி. அவ்வளவுதான்.

அப்பா இப்போது தடி ஊன்றி நடக்கிறார். சிறு வாக்கியங்கள் பேசுகிறார். பெயர்கள் இன்னும் தடுமாறுகின்றன, அக்காவையும் என்னையும் மாற்றி மாற்றிக் கூப்பிடுவார். வலக்கை பாதிதான். கெட்ட வார்த்தை மட்டும் மறுபடி வரவே இல்லை, அம்மாவுக்கு அதில் நிம்மதி.

போன முறை கடிதம் எழுதியது பிசியோதெரபிஸ்ட்டுக்கு. வேறு ஊருக்குப் போய்விட்ட அவர் முகவரியைத் தேடிப் பிடிக்கவே நாளாயிற்று. அந்த ஜனவரிக்குப் பிறகு எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருந்தபோது, முகத்தைச் சுளிக்காமல் தொடங்கியவர் அவர். இரண்டு பக்கம் எழுதினேன், என் வழக்கத்தைவிட அதிகம். சில நாட்களில் பதில் வந்தது. அந்த ஆண்டு ஏராளமானவர்களைப் பார்த்ததால் அப்பாவின் முகம் தனியாக நினைவுக்கு வரவில்லை, தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம் என்று எழுதியிருந்தார். கீழே ஒரு கேள்வி: விரல்களை மேசைமேல் வைத்து ஒவ்வொன்றாகத் தூக்கும் பயிற்சியை இன்னமும் தினமும் செய்கிறாரா?

அப்பாவிடம் படித்துக் காட்டினேன். "செய்றேன்னு எழுது" என்றார்.